மிளகு சேர்த்த மஞ்சள் குளிசை

சந்திரகுமாருக்கு வந்த முழங்கால் நோ சந்திரகுமாரோடு நின்றிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஒஸ்லோவில் ஐம்பது தாண்டிய தமிழர்களுக்கு முழங்கால் நோ என்பது கிட்டத்தட்டக் குடியுரிமைச் சான்று மாதிரி. இல்லாதவரைத்தான் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். மற்றவர்கள் நோ வந்தால் உட்காருவார்கள். சந்திரகுமார் எழுந்து போய் மைக்கைப் பிடித்தார்.

பிடித்ததற்குக் காரணம் இருந்தது. ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் இயங்கும் தமிழ் மன்றம் ஒன்றுக்கு அவர்தான் சுகாதாரப் பொறுப்பாளர். மன்றத்தில் ஒருகாலத்தில் இரண்டு அணிகள் அடிபட்டு, பிறகு களைத்து, பிறகு சமாதானமாகின. பதவிகளை இரு பக்கமும் சமமாகப் பிரித்தபோது ஒரு பக்கத்துக்கு ஒன்று குறைந்தது. அந்தக் குறையை நிரப்ப உண்டாக்கப்பட்டதுதான் சுகாதாரம். அதற்கு வேலை எதுவும் ஒதுக்கப்படவில்லை. வேலையில்லாத பதவியைப் போல மனிதனைச் சுறுசுறுப்பாக்கும் மருந்து வேறில்லை.

இணையக் கடையொன்றில் அவர் மஞ்சள் குளிசையைக் கண்டுபிடித்தார். மஞ்சளின் சத்தை மட்டும் பிழிந்தெடுத்து, அதனோடு மிளகுச் சாறும் சேர்த்தது. மிளகு சேர்ந்தால் உடம்பு இருபது மடங்கு கூடுதலாக உறிஞ்சும் என்று போத்தலில் எழுதியிருந்தது. மூன்று மாதம் எடுத்தார். நோ குறைந்தது. பொங்கல் விழாவில், நடன நிகழ்ச்சிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே, ஒருவரும் எழுந்து போக முடியாத நேரம் பார்த்து அவர் பேசினார்.

"எங்கடை ஆக்கள் கறிச்சட்டிக்கை போட்டதைத்தான் வெள்ளைக்காரன் இப்ப போத்திலுக்கை போட்டிருக்கிறான். மஞ்சள் ஆரையாவது கெடுத்ததாக் கேள்விப்பட்டிருக்கிறியளோ?"

கைதட்டல் விழுந்தது. இவ்வளவு காலமும் உடம்பு வேண்டாமென்று வெளியே தள்ளிக்கொண்டிருந்ததை இருபது மடங்காக உள்ளே அனுப்பினால் உள்ளே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் போத்தல்களை வரவழைத்துக் கையில் கொடுக்கத் தொடங்கினார், இனாமாக. இனாமில்தான் சிக்கல். கடையில் வாங்கியதை மனிதன் மறந்துபோவான், பிடிக்காவிட்டால் எறிவான். மதிப்பான ஒருவர் கையில் வைத்து அழுத்திக் கொடுத்ததை நிறுத்த முடியாது, கோயிலில் கண்டால் "இப்ப முழங்கால் எப்பிடி?" என்று கேட்பார். அவர் கேட்டார். எல்லா முழங்கால்களும் சுகமாகிவிட்டன. குறைந்தபட்சம், அப்படித்தான் அவருக்குச் சொல்லப்பட்டது.

சுகாதாரப் பொறுப்பு அவருடைய ஓய்வுநேரம். தொழில் வேறு. ஆஸ்பத்திரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் தொலைபேசியில் மொழிபெயர்ப்பவர், இங்குள்ளவர்கள் தொல்க் என்று சொல்லும் வேலை. வீட்டில் சலவை இயந்திரம் நிற்கும் சிற்றறைதான் அலுவலகம். தொல்க்குக்குச் சில விதிகள் உண்டு. சொன்னதெல்லாம் மொழிபெயர்க்க வேண்டும், எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கேட்டதை வெளியே மூச்சுவிடக் கூடாது. நோயாளியைத் தெரியுமென்றால் முதலிலேயே சொல்லி விலகிக்கொள்ள வேண்டும். தவிர, நோயாளி பேசுவது போலவே 'நான்' என்று பேச வேண்டும். அதனால் காலையில் கர்ப்பிணியாக இருந்த சந்திரகுமார் மத்தியானம் புரோஸ்டேட் வீங்கி அவதிப்பட்டு, பின்னேரம் பாலர் பள்ளியில் பிள்ளையைக் கடித்த பிள்ளையின் தாயாகி மன்னிப்புக் கேட்பார்.

மற்ற விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். நோயாளியைத் தெரிந்தால் விலக வேண்டும் என்பதைத்தான் கொஞ்சம் இளக்கினார். ஒஸ்லோத் தமிழர்களில் தெரியாத நோயாளி வேண்டுமென்றால் யாராவது புதிதாக வந்து இறங்க வேண்டும். ஆகவே 'தெரிந்தவர்' என்றால் ஒரே வீட்டில் சாப்பிடுபவர் என்று தனக்குள் வரையறுத்துக்கொண்டார். அந்த வரையறையின்படி அவருக்குத் தெரிந்தவர் மனைவி மயூரா ஒருத்திதான்.

மாசி மாதத்தில் ஒரு காலை, ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் பெண் டாக்டர், நிதானமான குரல். நோயாளிக்கு அறுபத்துநாலு வயது, கண்ணும் தோலும் மஞ்சளாகி வந்திருக்கிறார், காரணம் தேடுகிறோம், சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றார்.

"முதலில், நீங்கள் மது அருந்துவதுண்டா?"

சந்திரகுமார் அதைத் தமிழில் கேட்டார்.

"ஆரது, சந்திரகுமார் தம்பியா? அட, நீங்களா கதைக்கிறீங்க!"

சீனித்தம்பி. மட்டக்களப்புக்காரர். நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில், மீன் வெட்டும் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் நின்று, முழங்கால் இரண்டும் முடிந்த பிறகு, ஹொல்ம்லியாவில் இருக்கும் மகள் நிரோஜாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். இருவருக்கும் நோர்வேஜிய மொழி கடைச் சாமான் வாங்குவதற்கு மேல் ஓடாது. பொங்கல் விழாவில் முன்வரிசையில் இருந்து கைதட்டியவர். முதல் போத்தலை வாங்கியவரும் அவர்தான்.

இந்த இடத்தில் விலகியிருக்க வேண்டும். "அவர் வணக்கம் சொல்கிறார்" என்றார் சந்திரகுமார் டாக்டரிடம்.

"குடிக்கிறதா? உங்களுக்குத் தெரியாததா தம்பி? ஹம்மர்பெஸ்டில இருட்டு மாசத்தில ஊரே ஊத்திக்கொண்டு கிடக்கக்குள்ள நான் தேத்தண்ணியும் கையுமா இரிந்தவன். என்னைப் பகிடி பண்ணாத ஆளில்ல."

"நான் மது அருந்துவதில்லை."

"காட்டில் பறித்த காளான் ஏதாவது சாப்பிட்டீர்களா?"

"காட்டில போய்ப் பொறுக்கித் தின்ன எனக்கென்ன விசரா? நிரோஜா கடையில வாங்கினதையே நான் தொடுறல்ல."

"இல்லை."

"வேறு மருந்துகள், மூலிகைகள், சத்துக் குளிசைகள்? போத்தலில் வருவது எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். சிறிய விசயம் என்று நினைக்க வேண்டாம்."

சந்திரகுமார் ஒரு சொல் விடாமல் கேட்டார். சீனித்தம்பி குரலைத் தாழ்த்தினார். தமிழ் தெரியாத ஒருத்தியின் முன்னால் தமிழில் ரகசியம் பேசினார்.

"தம்பி, நீங்க தந்த மஞ்சள் குளிசையப் பத்தி இவவிட்டச் சொல்ல வேணாம். மறுகா உங்களுக்கு ஏதும் கரச்சல் வந்திரும். நல்லது செய்யப் போய் நீங்க மாட்டக் கூடாது. இல்லயெண்டே சொல்லுங்க."

சலவை இயந்திரம் அந்த நேரம் பார்த்துச் சுழற்சியை மாற்றியது. சந்திரகுமாருக்கு யோசிக்க ஒரு மூச்சுத்தான் இருந்தது. அதற்குள் அவர் நிறைய யோசித்துவிட்டார். சொன்னால், தெரிந்தவருக்கு மொழிபெயர்த்தது தெரியவரும். மருந்து கொடுத்த ஆளே மொழிபெயர்க்கிறான் என்பது அதைவிட மோசம். உரிமம் போகும். மன்றத்தில் மற்ற அணிக்குத் தெரிந்தால் பதவியும் போகும். இதற்கெல்லாம் மேலாக, மஞ்சள் ஆரையாவது கெடுத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அதை அவரே மைக்கில் சொல்லியிருக்கிறார்.

"நான் ஒன்றும் எடுப்பதில்லை" என்றார்.

"அவர் அதைவிட நீளமாகப் பேசியது போல இருந்ததே?"

"தமிழ் கொஞ்சம் நீளமான மொழி."

டாக்டர் சிரித்தார். கல்லீரலின் அளவுகள் மிகவும் ஏறியிருக்கின்றன, காரணம் தெரியும்வரை வார்டில் வைத்துப் பார்க்கிறோம், கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார்.

"கேட்க என்ன கிடக்கு? ஆனா தம்பி, முழங்கால் இப்ப நல்ல சுகம். ஒண்டு போடச் சொன்னீங்க, நான் காலையில ரெண்டு, இரவில ரெண்டு போடுறன். ரெண்டு முழங்கால் எல்லோ!"

"கேள்வி எதுவும் இல்லை" என்றார் சந்திரகுமார்.

மத்தியானம் அவர் கணினியின் முன்னால் உட்கார்ந்து, முதல் முறையாக, விற்பவர்கள் எழுதாத பக்கங்களைத் தேடி வாசித்தார். தேட வெகுநேரம் பிடிக்கவில்லை. அவை எப்போதும் அங்கேதான் இருந்திருக்கின்றன. சமையலில் போடும் மஞ்சளில் பயமில்லை. செறிவாக்கிய குளிசை, அதுவும் மிளகுச் சாறு சேர்த்தது, அபூர்வமாகச் சிலருடைய கல்லீரலைத் தாக்கும். யாருடையதை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரத்தம் உறையாமல் மருந்து எடுப்பவர்களும் பித்தப்பையில் கல் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, தோல் அரித்தால் அன்றே நிறுத்தி டாக்டரிடம் சொல்ல வேண்டும். நிறுத்தினால் பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள். முழங்கால் நோவுக்கு ஓரளவு ஆறுதல் கிடைக்கக்கூடும் என்றும் அதே பக்கத்தில் இருந்தது. முழுப் பொய்யை நம்பியிருந்தால் ஏமாந்தவன் என்றாவது தன்னைச் சொல்லிக்கொள்ளலாம். அரை உண்மை அந்த வசதியையும் தரவில்லை.

குளியலறைக்குப் போய்க் கண்ணாடியில் தன் கண்களை இழுத்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தன. அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது.

மயூரா முதியோர் இல்ல வேலை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தாள். எதையும் சொல்ல முடியாது, தொல்க் விதி. சுற்றி வளைத்தார்.

"இஞ்சைபாரும், மஞ்சள் கூடினால் என்ன செய்யும்?"

"கறி கைக்கும்."

"நான் உடம்புக்குக் கேட்டனான்."

"உங்கடை மன்றத்திலை ஆருக்கும் ஏதும் வந்திட்டுதே?"

"சீச்சீ. பொதுவா."

"பொதுவாக் கேக்கிற மனிசன்ரை முகம் ஏன் செத்தவீட்டுக்குப் போனது மாதிரிக் கிடக்கு?" அவள் அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள். "நான் அரைக்கரண்டி கூடப் போட்டால் பச்சை மணம் எண்டு சட்டியைத் தள்ளி வைக்கிறனீங்கள். ஒரு மாசத்து மஞ்சளை ஒரு நாளிலை குளிசையா முழுங்கிறியள். அதையும் ஊருக்குப் பங்கு வேறை. அப்பவே கேட்டனான், நீங்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலை டொக்டருக்குப் படிச்சனீங்களெண்டு."

"நீர் பேசாமல் கறியைப் பாரும்."

"கறியைத்தான் பாக்கிறன். கறியாலை ஒருத்தரும் சாகேல்லை."

அடுத்த நாள் ஆஸ்பத்திரியின் பொது எண்ணுக்கு எடுத்தார். ஒரு பெண் அன்பாக, யாரைப் பற்றி, நீங்கள் அவருக்கு யார் என்று கேட்டாள். முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் ரகசியம் உடையும். இரண்டாவதற்குச் சொன்னால் உரிமம் போகும். போனை வைத்துவிட்டார்.

மகளிடமே போய்ச் சொல்வதென்று முடிவெடுத்தார். நேரே, மெதுவாக, ஒரு வரி: அந்தக் குளிசையை நிப்பாட்டுங்கோ. அதற்கு ஆஸ்பத்திரி விசயம் தெரிந்ததாகக் காட்டவே தேவையில்லை. அடுக்குமாடியின் லிப்டில் ஏறும்போது அந்த வரியை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தார். எல்லாமே நன்றாக இருந்தன.

கதவைத் திறந்த நிரோஜாவின் கண்கள் சிவந்திருந்தன. தகப்பன் ஆஸ்பத்திரியில் இருப்பது சந்திரகுமாருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும், அவரே சொல்லியிருப்பார். ஆனால் அவள் வாய் திறக்குமுன், கண்ணாலேயே, ஒன்றும் சொல்லிவிடாதீங்க என்று கெஞ்சினாள். உள்ளே சோபாவில் விமலாதேவி இருந்தார், தட்டில் வடையோடு. நிரோஜாவின் தம்பி துஷ்யந்தனுக்கு விமலாதேவியின் மகளைப் பேசியிருந்தார்கள். நாள் வைப்பது மட்டும்தான் பாக்கி.

"வாங்க அண்ணன். அப்பாவப் பாக்கவா? அவர் ஹம்மர்பெஸ்டுக்கெல்லோ போயிட்டாரு. பழைய கூட்டாளிமாரப் பாத்துத்து வாறனெண்டு."

சந்திரகுமாருக்குக் காரணம் விளங்கியது. கல்லீரல் வருத்தம் என்று வெளியே கசிந்தால், எங்கள் சனம் அதற்கு ஒரே ஒரு காரணத்தைத்தான் ஒத்துக்கொள்ளும்: குடி. இருபது வருடம் இருட்டிலும் தேத்தண்ணி குடித்த மனிதன் ஒரே பின்னேரத்தில் பெருங்குடிகாரன் ஆகிவிடுவார். கலியாணம் நின்றுவிடும்.

"அங்கை இப்ப நல்ல குளிரா இருக்குமே?" என்றார்.

"ஓம் அண்ணன். நல்ல குளிராம்."

"கடல்பக்கம் எல்லோ" என்றார் விமலாதேவி. "இந்தக் குளிருக்கை ஆர் அங்கை போவினம்?"

மூன்று பேரும் ஹம்மர்பெஸ்டின் வானிலையைப் பற்றி ஒரு தேநீர் குடிக்கும் நேரம் பேசினார்கள். அங்கே ஒருவரும் இல்லை என்று தெரிந்த இரண்டு பேர்தான் அதிகம் பேசினார்கள்.

"அப்பா நீங்க தந்த குளிசையையும் கொண்டு போனவரு" என்றாள் நிரோஜா, அவருக்கு மட்டும் விளங்கட்டும் என்று. "அங்கயும் விடாம எடுக்காரு. நான்தான் பாத்துப் பாத்துக் குடுத்... குடுத்தனுப்பினன்."

சந்திரகுமார் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உதை நிப்பாட்டச் சொல்லுங்கோ, பிள்ளை. உடனை நிப்பாட்டச் சொல்லுங்கோ. ஈரலுக்குக் கூடாதாம்."

"ஈரலுக்கோ?" விமலாதேவியின் வடை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. "ஆருக்கு ஈரல் வருத்தம்?"

நிரோஜாவின் முகத்திலிருந்து இரத்தம் இறங்கிப் போவதைச் சந்திரகுமார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தருக்கும் இல்லை. பொதுவாச் சொன்னனான்."

"மஞ்சள் ஈரலைக் கெடுக்குமே? நீங்கள்தானே அண்டைக்கு மைக்கிலை அப்பிடிச் சொன்னனீங்கள். நானும் எடுக்கிறன்."

"எதுவும் அளவா எடுத்தால்..."

"கெடுக்குமோ, கெடுக்காதோ? அதைச் சொல்லுங்கோ."

"கெடுக்காது" என்றார் சந்திரகுமார்.

நிரோஜாவின் முகத்தில் நன்றி பொங்கியது. தம்பியின் கலியாணத்தைக் காப்பாற்றியதற்கான நன்றி. கூடவே வேறொரு நிம்மதியும் அங்கே தெரிந்தது. அப்பாவுக்குத் தான் கொடுத்து வருவது கெடுதல் இல்லை என்று உரியவரே உறுதிசொல்லிவிட்டார். எழுந்தபோது விமலாதேவியும் கோட்டை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். லிப்டில், "குடும்பம் எப்பிடி? குடி கிடி ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். தங்கமான மனிசன், தொட்டதே இல்லை என்றார் சந்திரகுமார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை அது.

வீட்டுக்கு வந்து நிரோஜாவுக்கு ஒரு செய்தி தட்டினார். 'அப்பாவுக்கு அந்தக் குளிசையைக் கொடுக்க வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.' அனுப்பும் பொத்தானில் விரல் நின்றது. எழுதியது எழுதியதுதான், ஆஸ்பத்திரியில் கேட்டதை வெளியே சொன்னதற்கு அவர் கையாலேயே அத்தாட்சி. அழித்தார். யோசித்து, மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில், எல்லாருக்குமாக, சுகாதாரப் பொறுப்பாளர் என்ற முறையில் போட்டார்: 'அன்பான உறவுகளே, மஞ்சள் குளிசைகளை அளவோடு, வைத்திய ஆலோசனையுடன் பாவிக்கவும். கல்லீரலில் கவனம் தேவை.' கீழே ஒரு பூவையும் வைத்தார்.

கும்பிட்ட கைகள் வரிசையாக விழுந்தன. இரண்டு பேர் பிறந்தநாள் வாழ்த்து என்று நினைத்து வாழ்த்தினார்கள். பிறகு ஜெகதீஸ்வரன், மற்ற அணி, ஒரு வீடியோ போட்டார். கழுத்தில் மாலையோடு ஒருவர், மஞ்சளைப் போலக் கல்லீரலைச் சுத்தப்படுத்தும் பொருள் உலகத்திலேயே இல்லை, நோய் கூடினால் அளவையும் கூட்ட வேண்டும் என்று ஆணித்தரமாகப் பேசினார். பொறுப்பாளர் தன் பேச்சையே மறந்துவிட்டார் போலும் என்று ஜெகதீஸ்வரன் கீழே எழுதியிருந்தார்.

அந்த வீடியோவுக்கு நிரோஜா இதயம் போட்டாள்.

அதற்குப் பிறகு சந்திரகுமார் வேறு எதையும் செய்யவில்லை, அழைப்புக்குக் காத்திருந்தார். மறுபடி அந்த வார்டிலிருந்து வந்தால் முதல் வசனமாகச் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தார். வேறு வார்டுகள் அழைத்தன. அவருக்குக் குழந்தை பிறந்தது, பல் பிடுங்கினார்கள், வாடகைக் கொடுப்பனவு மறுக்கப்பட்டது. அந்த வார்டு அழைக்கவில்லை. வேறொரு தொல்க் எடுத்திருப்பார். அவரிடம் சீனித்தம்பி கடைசிவரை வாய் திறக்க மாட்டார் என்பது சந்திரகுமாருக்குத் தெரியும். நல்லது செய்தவரைக் காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை அவர்.

அழைப்பு வந்தபோது பனி உருகத் தொடங்கியிருந்தது. அதே டாக்டர், அதே நிதானம், ஆனால் வணக்கத்துக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இடைவெளி கூடியிருந்தது. நோயாளியின் மகளும் அறையில் இருக்கிறாள் என்றார். முதலில் நோயாளியிடம் சில எளிய கேள்விகள்.

"உங்களுடைய பெயர் என்ன?"

"சீனித்தம்பி."

"இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

"எங்க இரிக்கன்? ஹம்மர்பெஸ்டிலதான்." குரல் வாய்க்குள் குழைந்தது. "படகு வந்திட்டு. ஆரு அங்க நிக்கிற, ஐஸ அள்ளிப் போடுங்க. மீனெல்லாம் மஞ்சளிக்குது."

நிரோஜா அழும் சத்தம் கேட்டது. சந்திரகுமார் மொழிபெயர்த்தார்: நான் ஹம்மர்பெஸ்டில் இருக்கிறேன், படகு வந்துவிட்டது, ஐஸ் போடுங்கள், மீன்கள் மஞ்சளாகின்றன. ஒரு சொல்லும் குறைக்கவில்லை.

டாக்டர் தொடர்ந்தார். கல்லீரல் கிட்டத்தட்ட வேலை செய்வதை நிறுத்திவிட்டது. கழிவு மூளைக்கு ஏறுவதால்தான் இந்தக் குழப்பம். மாற்றுக் கல்லீரல் வைக்க உடம்பு தாங்குமா என்று பார்க்கிறார்கள், அதில் நம்பிக்கை அதிகம் வைக்க வேண்டாம். வைரஸ், கட்டி, கல் எல்லாம் பார்த்தாயிற்று, காரணம் அகப்படவில்லை.

"மொழிபெயர்ப்பாளர் தன்னுடைய வார்த்தையாக ஒன்றைச் சொல்ல வேண்டும்" என்றார் சந்திரகுமார்.

"சொல்லுங்கள்."

சொன்னார். மஞ்சள் குளிசை, செறிவாக்கியது, மிளகுச் சாறு சேர்த்தது, ஒரு நாளைக்கு நாலு. கொடுத்தது நான். வார்டிலும் எடுத்திருக்கிறார், மகள் கொடுத்து வந்திருக்கிறாள், அவளுக்கு எதுவும் தெரியாது.

"இது உங்களுக்கு எப்போது தெரியும்?"

"முதல் அழைப்பிலேயே. அவர் சொன்னார். நான் உங்களுக்குச் சொல்லவில்லை."

டாக்டர் திட்டுவார் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டினால் தாங்கியிருப்பார். விசைப்பலகையில் தட்டும் சத்தம்தான் வந்தது. எல்லாவற்றையும் பதிந்துவிட்டு டாக்டர் சொன்னார்:

"சரி. இதை மகளிடம் சொல்ல வேண்டும். நீங்கள் செய்கிறீர்களா, வேறொருவரை எடுக்கட்டுமா?"

"நான் செய்கிறேன்."

டாக்டர் சிறு சிறு வசனங்களாகச் சொல்லச் சொல்ல, அவர் தமிழாக்கினார். அந்தக் குளிசையால்தான் என்று நினைக்கிறோம். இனிமேல் கொடுக்கக் கூடாது. போத்தலை எங்களிடம் தாருங்கள்.

"நீங்க கெடுக்காதெண்டு சொன்னீங்களே அண்ணன்" என்றாள் நிரோஜா. அதில் கோபம் இருக்கவில்லை. "எங்கட வீட்டில இருந்துதானே சொன்னீங்க."

"ஓம் பிள்ளை. சொன்னனான்."

"என்ன சொல்கிறாள்?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான் கெடுதல் இல்லை என்று சொன்னதாகச் சொல்கிறாள். உண்மைதான்."

"டொக்டரிட்ட ஒண்டு கேளுங்க அண்ணன். இண்டைக்குக் காலையிலயும் குடுத்தன். அப்பாக்கு முழுங்க ஏலாமப் போச்சு. நான்தான் உடைச்சு, தயிரில கரைச்சு, கரண்டியால தீத்தினன். வீடியோவில கூட்டிக் குடுக்கச் சொன்னதால கூட்டியும் குடுத்தன். அதாலயும்தானா இப்படி?"

சந்திரகுமார் அதைச் சொல்லுக்குச் சொல் நோர்வேஜிய மொழியில் வைத்தார். தயிர், கரண்டி, எல்லாம்.

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆம், ஒவ்வொன்றும் சேர்ந்துதான் இருக்கும். இங்கே வந்த நாளில் நிறுத்தியிருந்தால் அவர் தேறியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. ஆனால் இதில் மகளின் தவறு இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்."

"உங்களிலை ஒரு பிழையும் இல்லையாம், பிள்ளை."

"அது சரி. காலையில குடுத்தது?"

சலவை அறையில் வெளிச்சம் குறைவாக இருந்தது. சந்திரகுமார் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அது ஒண்டும் செய்யேல்லையாம்."

"இஞ்ச வந்த நாளில இருந்து நான் குடுத்ததெல்லாம்?"

"அதுகளும் ஒண்டும் செய்யேல்லையாம். முதலே நடந்து முடிஞ்சிட்டுதாம்."

அவள் மூச்சை இழுத்து விட்டாள். பின்னால் சீனித்தம்பி யாரையோ அதட்டி, கதவைச் சாத்து, குளிர் வருகிறது என்றார். அது டாக்டருக்கும் கேட்டிருக்கும். அதை மொழிபெயர்க்கும்படி அவர் கேட்கவில்லை.

"அவளுக்கு விளங்கிவிட்டதா?" என்றார் டாக்டர்.

"விளங்கிவிட்டது" என்றார் சந்திரகுமார்.